கணக்கில் ஏறாத செலவு

ராபர்ட் ரோட்ரிகஸின் ‘எல் மரியாச்சி’ 1992இல் திரைவிழாக்களுக்கு வந்தபோது, கதையைவிடப் படத்தின் செலவுதான் அதிகம் பேசப்பட்டது. மொத்தம் 7,000 டாலர் என்றார்கள். அதில் ஒரு பகுதியைத் திரட்டுவதற்காக ரோட்ரிகஸ் மருந்துச் சோதனை மையத்தில் தங்கித் தன் உடலைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். அந்த 7,000 டாலரும் வீடியோ நாடாவில் தொகுத்து முடித்தவரைக்குமான கணக்குதான். கொலம்பியா நிறுவனம் படத்தை வாங்கி, 16 எம்எம்மில் எடுத்ததை 35 எம்எம்முக்கு மாற்றி, ஒலியைச் சீர்செய்து, விளம்பரம் கொடுத்துத் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது அதைப் போலப் பல மடங்கு செலவானது. ஆனால் உலகெங்கும் சினிமாக் கனவோடு அலைந்த இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது 7,000 என்ற எண் மட்டும்தான்.

குறைந்த செலவில் எடுத்த படம் என்று நாம் சொல்லும் தொகை, கையிலிருந்து ரொக்கமாக வெளியே போன பணம். சம்பளம் இல்லாமல் கழிந்த இயக்குநரின் ஆண்டுகள், அடகுக்குப் போன நகை, நடிகர்கள் விட்டுக்கொடுத்த விடுமுறை நாட்கள், படப்பிடிப்புக்காக மாதக்கணக்கில் இடம் கொடுத்த உறவினர் வீடு ஆகியவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றையும் யாரோ கொடுத்துத்தான் இருக்கிறார்கள். சுயாதீனப் படங்களின் வரலாற்றை இந்த இரண்டாவது கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மனிதர்களையும் வீடுகளையும் உறவுகளையும் பேசும் படங்களில் நாம் வியக்கும் பல தருணங்கள் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

‘பதேர் பாஞ்சாலி’யையே எடுத்துக்கொள்வோம். சத்யஜித் ராய் அப்போது கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தார். படத்துக்கு மூலமான விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவலுக்குச் சிறுவர் பதிப்பு வந்தபோது படம் வரைந்தவர் அவர். 1949இல் ‘தி ரிவர்’ படத்துக்காக இடம் பார்க்க வந்த ழான் ரெனுவாருடன் வங்கக் கிராமங்களில் சுற்றினார். 1950இல் அலுவலக வேலையாக லண்டன் போன இடத்தில் டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். தொழில்முறை நடிகர்கள் இல்லாமலும், ஸ்டுடியோவை விட்டு வெளியேறியும் படம் எடுக்க முடியும் என்ற நம்பிக்கையுடன் ஊர் திரும்பினார். தயாரிப்பாளர்களைத் தேடி அலைந்தும் யாரும் முன்வரவில்லை. பாட்டு கிடையாது, நட்சத்திரம் கிடையாது, இயக்குநருக்கு முன் அனுபவமும் கிடையாது.

காப்பீட்டின் பேரில் வாங்கிய கடனும் நண்பர்கள், உறவினர்கள் தந்ததும்தான் முதல் பணம். 1952 அக்டோபர் 27 அன்று பால்சிட் அருகே நாணல் பூத்த வெளியில் முதல் காட்சி எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு இருபதை ஒட்டிய வயது. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. கதையின் சிறுவன் அபுவாக நடித்த சுபீர் பானர்ஜி, அக்கா துர்காவைத் தேடித் தயங்கித் தயங்கி நடக்க வேண்டும். சிறுவனோ நேர்கோட்டில் விறுவிறுவென்று நடந்தான். ராய் வழியில் சிறுசிறு தடைகளைப் போட்டார். நாணலுக்குள் ஆட்களை ஒளித்துவைத்து வெவ்வேறு நேரத்தில் பையனைக் கூப்பிடச் சொன்னார். பையன் தடையைத் தாண்டினான், குரல் வந்த பக்கம் திரும்பினான், நின்றான். படத்தில் நாம் பார்க்கும் தயக்கம் அப்படி வந்தது. அடுத்த வாரம் போனபோது நாணல் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. மீண்டும் பூக்க ஒரு வருடம் காத்திருந்தார்கள். முழுநேரப் படக்குழு ஒன்றைச் சம்பளத்தில் வைத்திருக்கும் தயாரிப்பாளரால் இப்படிக் காத்திருக்கவே முடியாது. விளம்பர நிறுவனச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு விடுமுறை நாட்களில் படமெடுத்தவரால் முடிந்தது.

நடுவில் பணம் போட்ட ஒரு தயாரிப்பாளரின் வேறு படங்கள் தோற்றன. அவரும் விலகினார். படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. ராயின் இசைத்தட்டுகள் விற்கப்பட்டன. மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அபுவுக்கான சிறுவனைப் பக்கத்து வீட்டில் கண்டுபிடித்ததும் பிஜோயாதான். படத்தின் தலைப்புச் சட்டகத்தில் அவர் பெயர் இல்லை. அடகு வைத்த நகையால் படப்பிடிப்பு இன்னும் சில நாட்கள் ஓடியது என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. இந்தியச் சுயாதீனப் படங்களின் ஃபைனான்சியர்கள் பட்டியலை யாராவது நேர்மையாகத் தயாரித்தால், அதில் பெண்களின் நகைப்பெட்டிக்குப் பெரிய இடம் இருக்கும்.

இந்த இழுபறியில் ராய் மூன்று விஷயங்களுக்கு அஞ்சினார். அபுவின் குரல் உடைந்துவிடக் கூடாது. துர்கா வளர்ந்துவிடக் கூடாது. கிழவி இந்திர் தாக்ருணாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடக் கூடாது. மூன்றும் நடக்கவில்லை. சுனிபாலாவுக்கு ஏறக்குறைய 80 வயது. பழைய மேடை நடிகை, சினிமாவை விட்டு விலகி நெடுங்காலம் ஆகியிருந்தது. மாதக்கணக்கான இடைவெளிக்குப் பிறகும் முந்தைய ஷாட்டில் தன் எந்தக் கை நனைந்திருந்தது என்பதை அவரே நினைவூட்டினார். காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கத் தனி ஆள் வைக்க வசதியில்லாத ஒரு குழுவில் ஒரு மூதாட்டியின் ஞாபகம் அந்த வேலையைச் செய்தது. படம் திரைக்கு வருமுன் அவர் இறந்துபோனார். தெருநாய் ஒன்று, மிட்டாய் விற்பவராக நடித்தவர் எனச் சிலர் விஷயத்தில் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. மிட்டாய்க்காரர் பாதியில் இறந்ததால், அதே உடல்வாகுள்ள இன்னொருவரை முதுகுப்புறமாக நடக்கவைத்து எடுத்தார்கள். குழந்தைகள் மழையில் நனையும் காட்சிக்குப் பணம் வந்துசேர்வதற்குள் பருவமழை ஓய்ந்துவிட்டது. அக்டோபரில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, தற்செயலாக வந்த மழையில் எடுத்தார்கள். அந்தக் குளிரில் பிள்ளைகள் நடுங்கியது நடிப்பில்லை.

இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் வறுமையே படத்தை உருவாக்கியதுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. அதை நான் ஏற்கவில்லை. வறுமை அவர்களுக்கு நேரத்தைக் கொடுத்தது என்பது உண்மை. நேரம் ஒரு புதிய குழுவுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது என்பதும் உண்மை. எடுத்ததைத் தொகுத்துப் பார்த்து, தவறு எங்கே என்று அறிந்து, அடுத்த முறை திருத்திக்கொள்ளும் வாய்ப்பு பெரிய தயாரிப்புகளில் கிடைக்காது. ஆனால் ஒரு மூதாட்டியின் மூச்சையும் ஒரு சிறுவனின் தொண்டையையும் நம்பி மூன்று ஆண்டுகள் நடந்த பந்தயம் அது. அதே பந்தயத்தில் தோற்று, பாதி நெகட்டிவோடு நின்றுபோன படங்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. வென்ற ஒன்றை வைத்துக்கொண்டு வறுமைக்கு நற்சான்று கொடுப்பது, தோற்றவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

கடைசியில் படத்தை முடித்தது மேற்கு வங்க அரசின் பணம். ராயின் தாயார் தமக்குத் தெரிந்தவர் வழியாக முதலமைச்சர் பி.சி. ராயிடம் பேசவைத்தார். கிராம முன்னேற்றம் பற்றிய ஆவணப்படம் என்றே அதிகாரிகள் சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள். சிறிய பாதையின் பாட்டு என்று பொருள்படும் தலைப்பால், தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. குடும்பம் ஊரைவிட்டுப் போகும் முடிவை மாற்றி, முன்னேற்றத் திட்டத்தில் சேர்வதாகக் காட்டலாமே என்ற யோசனையும் வந்தது. ராய் மறுத்துவிட்டார். பணம் தவணை தவணையாக வந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மன்ரோ வீலர் கல்கத்தா வந்தபோது படத்தின் ஸ்டில்களைப் பார்த்துத் தம் இந்தியக் கண்காட்சிக்குக் கேட்டிருந்தார். அந்தத் தேதிக்காகத் தொகுப்பாளர் துலால் தத்தாவும் ராயும் இரவு பகலாக உழைத்தார்கள். ரவிசங்கர் ஒரே இரவில் இசையை முடித்துக்கொடுத்தார். 1955 மே 3 அன்று துணைத்தலைப்புகள்கூட இல்லாமல் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் வெளியானது. மறுஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு.

ராய்க்குக் கடைசியில் ஓர் அரசு கிடைத்தது. அமெரிக்காவில் ஜான் கசவெட்டீஸுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் நடிகர். ‘தி டர்ட்டி டஸன்’, ‘ரோஸ்மெரிஸ் பேபி’ போன்ற ஸ்டுடியோ படங்களில் நடித்து வாங்கிய சம்பளத்தைத் தன் படங்களில் கொட்டினார். முதல் படமான ‘ஷாடோஸ்’ வித்தியாசமாகத் தொடங்கியது. 1957இல் ஜீன் ஷெப்பர்டின் வானொலி நிகழ்ச்சியில் பேசும்போது, சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார். நேயர்கள் அனுப்பினார்கள். முதல் வடிவத்தை 1958இல் காட்டிவிட்டு, அது தனக்கே பிடிக்காமல் பெரும்பகுதியை மறுபடியும் எடுத்தார்.

‘ஃபேசஸ்’ படத்தை 1965இல் தன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் ஆறு மாதம் எடுத்தார். தொகுக்க மூன்று ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆனது. 1968இல் வந்த அந்தப் படம் ஆஸ்கருக்கு மூன்று பரிந்துரைகள் பெற்றது. அதில் பரிந்துரை பெற்ற லின் கார்லின் அதற்கு முன் அலுவலகச் செயலராக இருந்தவர். 1974இல் ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ படத்துக்குக் கசவெட்டீஸ் தன் வீட்டை அடமானம் வைத்தார். நடிகர் பீட்டர் ஃபாக் 5 லட்சம் டாலர் போட்டார். தொழில்நுட்பக் குழுவில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் மாணவர்கள் இருந்தார்கள். நாயகி மேபலாக நடித்தவர் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ். மேபலின் அம்மாவாக ஜீனாவின் அம்மா. மேபலின் மாமியாராகக் கசவெட்டீஸின் அம்மா.

ஒரு வீடு, ஒரு மேசை, அதைச் சுற்றிப் பத்துப் பேர். மலிவான படப்பிடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்று யாரும் சொல்லிவிடலாம். நடைமுறையில் இது மலிவில்லை. நடிகர்கள் ஒரு காட்சியை முழுதாக வாழ்ந்து முடிக்க வேண்டும், கேமரா அதற்குக் காத்திருக்க வேண்டும், ஃபிலிம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஃபேசஸ்’ எடுத்த 16 எம்எம்மில் 400 அடிச் சுருள் 11 நிமிடம் ஓடும். 35 எம்எம்மில் அதே 11 நிமிடத்துக்கு 1,000 அடி வேண்டும். 16 எம்எம்மைத் தேர்ந்தெடுத்ததால் மிஞ்சிய பணத்தை அவர் நடிகர்களுக்கான நேரமாக மாற்றிக்கொண்டார். லைட்டிங், செட், மேக்கப் எல்லாவற்றிலும் வெட்டி, நடிப்புக்கான நேரத்தில் மட்டும் தாராளமாக இருந்தார். குறைந்த பணத்தில் படம் எடுக்க நினைப்பவர்கள் கசவெட்டீஸிடமிருந்து பொதுவாக ஆடும் கேமராவை எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒதுக்கீட்டு முறையை. ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ முடிந்தபின் விநியோகஸ்தர் கிடைக்காமல், அவரும் நண்பர்களும் தியேட்டர் தியேட்டராகப் பேசிப் படத்தை ஓட்டினார்கள். ஜீனாவுக்குச் சிறந்த நடிகை, கசவெட்டீஸுக்குச் சிறந்த இயக்குநர் என இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன.

செலவு படப்பிடிப்போடு முடிந்துவிடாது என்பதற்குச் சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ போல வேறு சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பர்னெட் மிசிசிப்பியில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். கறுப்பின உழைப்பாளிகள் வாழும் பகுதி அது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தபோது, பட்டத்துக்கான ஆய்வேடாக இந்தப் படத்தை எடுத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, தொகுப்பு எல்லாம் அவரே. கறுப்பு வெள்ளையில் 16 எம்எம், வார இறுதி நாட்களில் படப்பிடிப்பு, அக்கம்பக்கத்து மனிதர்களே பெரும்பாலும் நடிகர்கள். செலவு 10,000 டாலருக்கும் கீழே. 1977இல் முடித்துக்கொடுத்தார்.

ஸ்டான் ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கிறான். தூக்கம் வருவதில்லை. மனைவியோடு பேச்சு குறைந்துவிட்டது. கதை என்று சொன்னால் அவ்வளவுதான். ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. ஸ்டானும் நண்பனும் பழைய கார் எஞ்சின் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி, மாடிப்படி வழியாக மூச்சுமுட்டச் சுமந்து இறக்குகிறார்கள். சிறு லாரியின் பின்புறத்தில் விளிம்பிலேயே வைக்கிறார்கள். இன்னும் உள்ளே தள்ளலாம் என்றால் நண்பன் வேண்டாம் என்கிறான். வண்டி கிளம்புகிறது. எஞ்சின் தெருவில் விழுந்து உடைகிறது. இருவரும் சிறிது நேரம் பார்த்துவிட்டு அதை அங்கேயே விட்டுப் போகிறார்கள். உழைத்த கூலி ஒரு நொடியில் எப்படிப் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. அதற்கு ஆன செலவு ஒரு பழைய எஞ்சினும் ஒரு லாரியும்.

பர்னெட் படம் முழுவதும் கறுப்பின இசை வரலாற்றை ஓடவிட்டார். பால் ராப்சன், டைனா வாஷிங்டன், எட்டா ஜேம்ஸ் எனப் பல குரல்கள். ஸ்டானும் மனைவியும் ஜன்னல் ஓரத்தில் டைனா வாஷிங்டனின் பாட்டுக்கு மெல்ல ஆடுவார்கள். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப்போவான். பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கும் படம்தானே என்று பாடல்களுக்கு உரிமை வாங்கவில்லை. அதனால் தியேட்டரில் வெளியிட முடியாமல் போனது. 1981இல் பெர்லினில் விமர்சகர் பரிசு பெற்ற படம், 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்த படம், மக்கள் சீட்டு வாங்கிப் பார்க்க முடியாத படமாகவே இருந்தது. 2007இல் மைல்ஸ்டோன் நிறுவனம் வெளியிட்டபோது பாடல் உரிமைக்கு மட்டும் ஏறக்குறைய 1,50,000 டாலர் ஆனது. ஸ்டீவன் சோடர்பெர்க் நிதி தந்து உதவினார். படத்தின் மொத்தச் செலவைப் போலப் பதினைந்து மடங்கு, முப்பது ஆண்டுகள் தாமதமாகக் கட்டப்பட்டது. அப்போதும் ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைக்காமல், இறுதியில் வேறு பாட்டைத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.

வார இறுதிகளைக் கொடுத்த நடிகர்களும், தன் படம் வெளிவராததைப் பார்த்துக்கொண்டே மூப்படைந்த பர்னெட்டும் அந்த முப்பது ஆண்டுகளின் விலையைக் கட்டியிருக்கிறார்கள். 1977இல் படம் நாடெங்கும் ஓடியிருந்தால் அமெரிக்கச் சினிமாவில் எதெல்லாம் மாறியிருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

பணத்தைப் பார்வையாளரிடமே கேட்பது என்ற வழியைக் கடைசிவரை கொண்டுபோனவர் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம். தமிழர்களுக்கு அவரை ‘அக்ரஹாரத்தில் கழுதை’ வழியாகத் தெரியும். வெங்கட் சாமிநாதன் எழுத, எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்த அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. எதிர்ப்புக்கு அஞ்சித் தொலைக்காட்சி ஒளிபரப்பு கைவிடப்பட்டது. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், அரசு என எவருடைய தயவிலும் படம் இருக்கக் கூடாது என்பதற்காக, 1984இல் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு ஒடேசா என்ற கூட்டமைப்பு உருவானது. ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, பறை கொட்டி, கிடைத்த சில்லறையைச் சேர்த்தார்கள். 1986இல் ‘அம்ம அறியான்’ வந்தது. இறந்துபோன இளைஞன் ஒருவனின் தாயிடம் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படும் ஒருவனோடு, வழியெங்கும் நண்பர்கள் சேர்ந்துகொண்டே வருவார்கள். பணம் சேர்ந்த விதமும் கதை நகர்ந்த விதமும் ஒன்றாகவே இருந்தன. படத்தை மீண்டும் அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மறுஆண்டு ஜான் இறந்தார். படமெடுக்கும் அந்த முறை ஒரு மனிதரின் தீவிரத்தோடு கட்டுண்டு இருந்தது. அவருக்குப் பின் அதே வேகத்தில் இன்னொரு கதைப்படம் பிறக்கவில்லை.

இன்று ஃபிலிம் இல்லை, லேப் இல்லை. கேமரா வாடகை இறங்கிவிட்டது. அதனால் படம் எடுப்பது மலிவாகிவிட்டது என்ற பேச்சு தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கிறது. மலிவானது பிம்பம் மட்டும்தான். சாப்பாடு, பயணம், பேட்டா, நேரடி ஒலிப்பதிவு, தணிக்கை, போஸ்டர் எதுவும் மலிவாகவில்லை. தியேட்டரில் டிஜிட்டல் முறையில் ஓட்டுவதற்கான கட்டணத்தை யார் கட்டுவது என்ற தகராறில் 2018 மார்ச்சில் தமிழில் புதுப்பட வெளியீடே நின்றது. பெரிய படத்துக்குத் தூசியாக இருக்கும் கட்டணம் சின்னப் படத்தின் கழுத்தைப் பிடிக்கும். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டியின் கோடை வெயிலில் எடுக்கப்பட்டது. அந்த வெயிலை எந்த லைட்டும் கொடுத்திருக்க முடியாது. படக்குழு அதில் நின்றுதான் எடுத்தது. 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய அந்தப் படம் ஓடிடியில் வந்தது 2023 அக்டோபரில்.

நம் சின்னப் படங்களின் இரண்டாவது கணக்கை இன்று பெரும்பாலும் கட்டுபவர்கள் உதவி இயக்குநர்கள். படம் ஓடியதும் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கிறார்கள். வாடகையை ஊரிலிருந்து அண்ணனோ அம்மாவோ அனுப்புகிறார்கள். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை இதைத் தாங்குவான். தாங்க முடியாதவன் பாதியில் ஊருக்குப் போவான், அவனோடு அவன் எடுத்திருக்கக்கூடிய படமும் போய்விடும். எளிய மனிதர்களைப் பற்றிய படங்களை எளிய மனிதர்களே எடுக்க முடியாமல் போவதற்கு இதுவே முதல் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பணமில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் மேலே பேசிய எந்தப் படமும் இருந்திருக்காது. ஆனால் இந்த இரண்டாவது கணக்கை எழுதிவைத்துவிட்டு எடுக்கலாம். இன்னாருக்கு இவ்வளவு சம்பளம், இதில் இப்போது தருவது இவ்வளவு, நிறுத்திவைப்பது இவ்வளவு. படம் விற்றால் முதலில் யாருக்குப் பணம் போகும், போட்ட முதலுக்கா, உழைத்தவர்களுக்கா? ஓடிடிக்கு விற்றால் என்ன கணக்கு, விழாவில் பரிசுத் தொகை வந்தால் என்ன கணக்கு? டீக்கடைக் காட்சியில் பின்னால் ஒலிக்கும் பழைய பாட்டுக்கு உரிமை யாரிடம் இருக்கிறது? வீடு கொடுத்தவரின் பெயர் தலைப்புச் சட்டகத்தில் எங்கே வரும்? இரண்டு பக்கத் தாள் போதும், படப்பிடிப்பு தொடங்கும் முன் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். படம் விற்காமல் போனால் என்ன என்பதற்கும் அதில் ஒரு பத்தி இருக்க வேண்டும். சின்னப் படங்களில் பெரும்பாலானவை விற்பதில்லை.